பழைய அலுமினியம் என்ன விலை போகும் என்பது விற்பவருக்கும் தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெகிரி செம்பிலானில் உள்ள எங்கள் பகாவ் வட்டாரத்தில் இரண்டு ஏக்கர் ரப்பரோ செம்பனையோ வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் எவரும் அன்றைய விலை தெரியாமல் சரக்கை விற்கப் போவதில்லை. ரப்பரின் விலையை மலேசிய ரப்பர் வாரியமும் செம்பனைக் குலையின் விலையை மலேசிய செம்பனை எண்ணெய் வாரியமும் வெளியிட்டு வருகின்றன; தங்கத்தின் விலையை நாளிதழ்களே சொல்லிவிடுகின்றன. ஆனால் அதே மனிதர், வீட்டின் பின்புறம் சேர்ந்து கிடக்கும் பழைய அலுமினியத்தை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போகும்போது, அதற்கு என்ன விலை கிடைக்க வேண்டும் என்பதை முன்கூட்டி அறிந்துகொள்ள அவருக்கு வழியில்லை. கடையில் சொல்வதே விலை, தராசு காட்டுவதே எடை என்று கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்புகிறார். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், நிறுவையும் விலையும் மக்களின் வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆகவே இக்குறையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

தோட்டப்புற ஊர்களில் அலுமினியம் எவ்வளவு இருக்கிறது என்பதை வெளியூர் வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். ரப்பர் பாலை உறைய வைக்கும் தொட்டிகளில் தடுப்பாகச் செருகப்பட்ட அலுமினியத் தகடுகள், சிறுதோட்டக்காரர்கள் பால் உறைய வைத்த தட்டுகள், உயரமான செம்பனை மரத்தில் குலையறுக்க மூங்கிலுக்குப் பதிலாக வந்த அலுமினியக் கழிகள், தாமான் (குடியிருப்பு) வீடுகளைப் புதுப்பிக்கும்போது பெயர்த்தெடுக்கப்படும், கண்ணாடிப் பட்டைகள் செருகும் நாக்கோ சன்னல் சட்டங்கள், அடி ஓட்டையான குண்டான்கள், பழைய தொலைக்காட்சி ஆண்டெனாக்கள், ஏணிகள், மோட்டார் சைக்கிள் இயந்திரப் பாகங்கள், இவற்றோடு திருவிழாவுக்குத் திருவிழா மலைபோல் குவியும் பானக் குவளைகள் (கேன்கள்) என்று பலவும் உண்டு. இவற்றைச் சேர்த்து விற்பவர்கள் யார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஓய்வூதியமில்லாத முன்னாள் தோட்டப் பாட்டாளிகள், தனியாக வாழும் மூதாட்டிகள், ஆலய இளைஞர் பிரிவினர், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் ஆகியோரே பெரும்பாலும் இந்தச் சாக்கு மூட்டைகளைச் சுமந்து செல்கிறார்கள். கிலோவுக்கு ஒரு ரிங்கிட் கூடினாலும் குறைந்தாலும் அது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

கடையில் நடப்பது பெரும்பாலும் இதுதான். சாக்கு மூட்டையைத் தராசின் மேல் வைத்து, "அலுமினியம் கிலோ இவ்வளவு" என்று ஒரே விலை சொல்லிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். மூட்டைக்குள் சுத்தமான சன்னல் சட்டமும் இருக்கிறது, இரும்பு ஆணி பதிந்த வார்ப்புத் துண்டும் இருக்கிறது, பானக் குவளையும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மலிவான வகையின் விலையே கொடுக்கப்படுகிறது. விற்றவர் போன பின்பு கடைக்காரர் அதே மூட்டையைக் கொட்டி, வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய விலையில் சிரம்பானிலோ கிள்ளானிலோ உள்ள பெரிய கிடங்குக்கு அனுப்புகிறார். இதை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. பிரிப்பதும் உழைப்புதான், லோரி வாடகையும் ஆள் கூலியும் கடைக்காரருக்கு உண்டு, இத்தொழிலில் நம்மவர்கள் பலர் பல ஆண்டுகளாக நேர்மையாகப் பிழைத்து வருகிறார்கள் என்பதும் நான் அறிந்ததே. என் வருத்தமெல்லாம், இந்த வணிகத்தில் ஒரு தரப்புக்கு எல்லாம் தெரிந்திருக்க, மறு தரப்புக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கிறதே என்பதுதான்.

விலை எங்கிருந்து தொடங்குகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். உலகெங்கும் அலுமினியத்தின் அடிப்படை விலையாகக் கொள்ளப்படுவது லண்டன் உலோகச் சந்தையின் விலை. 1877-இல் தொடங்கிய அச்சந்தையில் அலுமினியம் 1978 முதல் விற்கப்படுகிறது. அங்கே சொல்லப்படும் விலை, குறைந்தது 99.7 விழுக்காடு தூய்மையுள்ள புதிய அலுமினியக் கட்டிக்கு, ஒரு டன்னுக்கு இத்தனை அமெரிக்க டாலர் என்ற கணக்கில் இருக்கும். கைப்பேசியில் தேடினால் எவரும் அதைப் பார்க்கலாம். அதை ரிங்கிட்டுக்கு மாற்ற, நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வெளியிடும் அன்றைய நாணய மாற்று விகிதம் போதும். கணக்கைப் புரிந்துகொள்வதற்காக ஒரு டன் 2,500 டாலர் என்றும், ஒரு டாலர் 4 ரிங்கிட் 20 சென் என்றும் வைத்துக்கொள்வோம். பெருக்கினால் டன்னுக்கு 10,500 ரிங்கிட். ஆயிரத்தால் வகுத்தால் கிலோவுக்கு 10 ரிங்கிட் 50 சென். இது உண்மையான இன்றைய விலை அன்று, கணக்குப் போடும் முறை மட்டுமே. அன்றைய இரண்டு எண்களையும் இதே முறையில் இட்டுப் பார்த்தால், விற்பவருக்கு ஓர் உச்சவரம்பு கிடைத்துவிடும்.

இந்த எண்கள் நிலையாக நிற்பவை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2022 மார்ச் மாதத்தில், உக்ரேன் போர் தொடங்கிய சில நாள்களில், லண்டன் சந்தையில் அலுமினியம் டன்னுக்கு 4,000 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் அது 2,200 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆறேழு மாதங்களில் விலை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. ஆகவே, பக்கத்து வீட்டுக்காரர் சென்ற ஆண்டு விற்ற விலையை நினைவில் வைத்துக்கொண்டு கடைக்காரருடன் வாதாடுவதில் பயனில்லை. உலகச் சந்தை இறங்கியபோது கடைக்காரர் விலையைக் குறைத்தால் அதில் தவறு காண முடியாது. அது ஏறியபோதும் பழைய விலையையே கொடுத்துக்கொண்டிருந்தால் அதைக் கேட்கும் உரிமை விற்பவருக்கு உண்டு. ஆனால் ஏறியது என்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்?

அடுத்த கேள்வி, புதிய அலுமினியம் கிலோ பத்தரை ரிங்கிட் என்றால் பழையதற்கு ஏன் அது கிடைப்பதில்லை என்பது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. ரப்பர் பால் நிறுக்கும்போது வாளியின் எடையை மட்டும் பார்த்து யாரும் கணக்கு எழுதியதில்லை. அந்தப் பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்பதைப் பார்த்தே கணக்கு எழுதப்பட்டது. பழைய அலுமினியமும் அப்படியே. உலையில் உருக்கியபின் எத்தனை கிலோ உலோகம் மிஞ்சும், மிஞ்சிய உலோகம் எதற்குப் பயன்படும் என்ற இரண்டையும் வைத்துத்தான் அதன் விலை அமைகிறது. வண்ணப் பூச்சு, எண்ணெய், மண், ஈரம், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் எடையில் சேரும், உலையில் சேராது. மெல்லிய தகடும் காகிதம் போன்ற தாளும் உருகும்போது காற்றோடு சேர்ந்து கசடாகிப் பெருமளவு வீணாகும். தடித்த துண்டு அவ்வளவு வீணாகாது.

இனி வகைகளைப் பற்றிச் சொல்கிறேன். இதில்தான் பணம் இருக்கிறது என்பதால் வாசகர்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

சன்னல் சட்டம், கதவுச் சட்டம், ஏணி, குழாய் போன்றவை அச்சில் பிதுக்கி எடுக்கப்பட்டவை. இவற்றில் மக்னீசியமும் சிலிக்கனும் மிகச் சிறிய அளவிலேயே கலக்கப்பட்டிருப்பதால், மீண்டும் உருக்கி அதே வேலைக்குப் பயன்படுத்த முடியும். ஆகவே இவ்வகைக்கு நல்ல விலை உண்டு. பூச்சில்லாத வெள்ளைச் சட்டத்துக்கு ஒரு விலை, வண்ணம் பூசியதற்கு அதைவிடச் சற்றுக் குறைந்த விலை, திருகாணியும் ரப்பர் பட்டையும் கண்ணாடித் துண்டும் ஒட்டியிருப்பதற்கு இன்னும் குறைந்த விலை. ஒரு திருப்புளியோடு மாலைப் பொழுதில் உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றி ரப்பரை உருவிவிட்டால், அதே சட்டம் ஒரு படி மேலே போய்விடும். வீட்டைப் புதுப்பிக்கும் குத்தகைக்காரர் பழைய சன்னல்களைக் குப்பையென்று சொல்லித் தம் லோரியில் ஏற்றிக்கொண்டு போவதைப் பல வீடுகளில் காண்கிறேன். அவற்றின் விலையைக் கூலியில் கழித்துக்கொள்ளும்படி வீட்டுக்காரர் முதலிலேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

மின்கம்பிக்குப் பயன்படும் அலுமினியம் மிகத் தூய்மையானது. பழைய அலுமினிய வகைகளில் அதற்கு எப்போதும் மதிப்பு அதிகம். ஆனால் உயரமான கோபுரங்களில் செல்லும் மின்கம்பியின் நடுவில் எஃகுக் கம்பி ஓடும். அதைப் பிரித்தால்தான் அந்த மதிப்பு. சமையல் பாத்திரங்கள் தகட்டு வகையைச் சேர்ந்தவை. அவற்றிலுள்ள இரும்புக் கைப்பிடி, தறையாணி (ரிவெட்), பிரஷர் குக்கரின் ரப்பர் வளையம் ஆகியவற்றை அகற்றிவிட வேண்டும். இயந்திர உறை, மோட்டார் சைக்கிள் சிலிண்டர் பாகங்கள் ஆகியவை வார்ப்பு வகை. வார்ப்பில் சிலிக்கன் ஏழு முதல் பன்னிரண்டு விழுக்காடு வரை சேர்க்கப்பட்டிருக்கும் என்பதால் அது மீண்டும் வார்ப்புக்குத்தான் பயன்படும். அதில் எண்ணெயும் எஃகு உறைகளும் ஒட்டியிருப்பதும் வழக்கம். கார் சக்கரத்தின் அலுமினிய ரிம் வார்ப்புதான் என்றாலும், அதன் கலவை ஒரே சீராக இருப்பதால் மற்ற வார்ப்புகளோடு சேர்க்காமல் தனியாக விலை பேசப்படும். அதைப் பழைய இயந்திரத் துண்டுகளோடு ஒரே சாக்கில் போடுவது பணத்தை வீணாக்குவதாகும்.

வீட்டு ஏர்கோனின் சுருளைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். வெளியே பார்த்தால் அலுமினிய இதழ்கள்தான் தெரியும். உள்ளே ஊடுருவிச் செல்லும் குழாய் பெரும்பாலும் செம்பு. செம்பின் உலகச் சந்தை விலை அலுமினியத்தைவிட மூன்று நான்கு மடங்கு. முழுவதும் அலுமினியத்தால் ஆன புதுவகைச் சுருள்களும் இருக்கின்றன என்பதால், குழாயின் முனையைச் சிறிது சுரண்டி நிறத்தைப் பார்த்துவிட்டு விற்பது நல்லது. செம்பு தெரிந்தால் அதை அலுமினிய விலைக்குக் கொடுக்கவே கூடாது.

பொருள் அலுமினியம்தானா என்பதை அறிய ஒரு காந்தம் போதும். பழுதான ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தமானாலும் சரி. காந்தம் ஒட்டினால் அது இரும்பு. ஒட்டாத எல்லாமே அலுமினியம் என்றும் சொல்லிவிட முடியாது. எவர்சில்வரில் பெரும்பகுதி காந்தத்தில் ஒட்டாது. ஆனால் அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், எவர்சில்வருக்கு ஏறத்தாழ 8 கிராம். கையில் தூக்கிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். அதைவிட முக்கியம், அலுமினியத் துண்டில் மறைந்திருக்கும் இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுக்கும் என்பது. உருகிய அலுமினியத்தில் இரும்பு கரைந்துவிட்டால் அதை மீண்டும் பிரித்தெடுப்பது மிகக் கடினம். இரும்பு கூடிய உலோகம் எளிதில் உடையும். ஓர் ஆணிக்காக விலையைக் குறைக்கிறார்களே என்று வருந்துபவர்கள் இக்காரணத்தைத் தெரிந்துகொண்டால், ஆணியைக் கழற்றாமல் கொண்டுபோக மாட்டார்கள்.

பானக் குவளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஆலயங்களும் பள்ளிகளும் திரட்டுவது பெரும்பாலும் இவற்றைத்தான். கரிவாயுப் பானங்கள் அடைக்கப்படும் குவளைகள் நம் நாட்டில் பொதுவாக அலுமினியம். காப்பி போன்ற சில பானங்களின் டின்னும், பால் டின்னும், மைலோ மாவு டின்னும் இரும்புத் தகடு; இவற்றைக் கலந்துவிட்டால் மூட்டை முழுவதற்கும் விலை இறங்கும். ஒரு குவளையின் எடை சுமார் 13 முதல் 14 கிராம். ஒரு கிலோ சேர எழுபதுக்கும் மேற்பட்ட குவளைகள் வேண்டும். கிலோ 5 ரிங்கிட் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், ஒரு குவளைக்கு ஏறத்தாழ 7 சென். தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் தொண்டாற்றிவிட்டு, இரவு வரை காலிக் குவளைகளைப் பொறுக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தால், தங்கள் மூட்டைக்கு ஏறத்தாழ என்ன வரும் என்பதை அவர்களே கணித்துவிடுவார்கள். குவளையைக் கவிழ்த்து நன்றாக வடியவிட்டுக் காயவைத்து நசுக்க வேண்டும். நசுக்குவதால் எடை கூடாது; லோரியில் இடம் மிச்சமாகும், அவ்வளவுதான். திறக்கும் பிடியைப் பிய்த்துத் தனியே சேர்க்கத் தேவையில்லை, அதுவும் அலுமினியமே. எடைக்காக உள்ளே மண்ணையும் கல்லையும் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதனால்தான் கடைக்காரர்கள் எல்லாருடைய மூட்டையிலும் முன்கூட்டியே எடையில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்கிறார்கள். ஒரு சிலருடைய செயலுக்கு ஊரே விலை கொடுக்கிறது.

விலையைத் தெரிந்துகொண்டு எடையில் இழந்துவிட்டால் பயனில்லை. எடைகள், அளவைகள் சட்டம் 1972-இன்படி வணிகத்துக்குப் பயன்படும் தராசு ஆண்டுதோறும் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கான முத்திரையோ ஒட்டுவில்லையோ தராசில் இருக்க வேண்டும். இதைக் கண்காணிப்பது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் பொறுப்பு. விற்பவர் செய்யக்கூடியவை சில உண்டு. மூட்டையை வைக்கும்முன் தராசு சுழியத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எண் தெரியும் பக்கம் தம்மை நோக்கி இருக்கும்படி கேட்க வேண்டும். வீட்டிலேயே தொங்கு தராசில் ஒருமுறை நிறுத்துத் தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். பயணப் பெட்டியை நிறுக்கும் சிறிய தராசு இதற்குப் போதுமானது. அது சரியாகக் காட்டுகிறதா என்பதைப் பிரிக்காத 5 கிலோ அரிசி மூட்டையை மாட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கடையின் எடைக்கும் வீட்டு எடைக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் அமைதியாகக் காரணம் கேட்கலாம். சரியான விளக்கம் கிடைக்காவிட்டால் அமைச்சின் மாவட்ட அலுவலகத்தில் புகார் செய்யலாம். தோட்டத்தில் நிறுவைக் குறைபாட்டுக்காகத் தொழிலாளர்கள் குரல் எழுப்பிய தலைமுறையைச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள், பழைய இரும்புக் கடையில் தராசைப் பார்க்கக் கூசக் கூடாது என்பது என் கருத்து.

விற்பவரின் கடமையும் இதில் இருக்கிறது. பழைய பொருள் வணிகர்களுக்கான 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இக்கடைகள் காவல் துறையிடம் உரிமம் பெற்று, வாங்கும் பொருளின் விவரத்தைப் பதிவு செய்து வைக்க வேண்டும். கடைக்காரர் அடையாள அட்டையைக் கேட்டால் அதை அவமதிப்பாகக் கருதாமல் காட்டுவதே முறை. கேட்காமல் வாங்கும் கடையில்தான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சாலையோரத் தடுப்பும் வடிகால் மூடியும் மின்கம்பியும் திருடுபோவதற்கு, கேள்வி கேட்காமல் வாங்குபவர்கள் இருப்பதே காரணம். தோட்ட நிர்வாகம் வேலைக்குக் கொடுத்த குலையறுக்கும் கழி வளைந்துபோனாலும் அது நிர்வாகத்தின் சொத்து. எழுத்தில் அனுமதி இல்லாமல் அதை விற்பது வேலைக்கே ஆபத்து. சொந்தப் பணத்தில் வாங்கிய கழியென்றால் ரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது. கம்பியின் மேலுறையை நெருப்பில் எரித்து அகற்றுவதையும் நிறுத்த வேண்டும். திறந்தவெளியில் எரிப்பது சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, பிளாஸ்டிக் உறையிலிருந்து எழும் நச்சுப் புகையைச் சுவாசிப்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளே. எரிந்து கறுத்த கம்பிக்கு விலையும் குறைவு.

இந்த உலோகத்துக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்று என்னிடம் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. ஒரு டன் அலுமினியம் எடுக்க நான்கைந்து டன் பாக்சைட் மண் வேண்டும். அதிலிருந்து பிரித்த வெண்பொடியை மின்சாரத்தால் உலோகமாக்க ஏறத்தாழ 14,000 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகும். சரவாக்கில் முக்காவிலும் சமலாஜுவிலும் பிரஸ் மெட்டல் நிறுவனம் உருக்காலைகளை அமைத்ததற்கு அங்கே கிடைக்கும் மின்சாரமே முக்கியக் காரணம். குவாந்தான் வட்டாரத்தில் பாக்சைட் தோண்டியபோது சாலையும் ஆறும் கடலும் செந்நிறமானதையும், 2016 ஜனவரியில் அரசாங்கம் அதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்ததையும் நாம் மறந்திருக்க முடியாது. பழைய அலுமினியமோ 660 பாகை செல்சியஸில் உருகிவிடும். மண்ணிலிருந்து புதிதாக எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே அதற்குப் போதும். அந்த மிச்சப்பட்ட ஆற்றலின் மதிப்பில் ஒரு பங்குதான் மூதாட்டி சுமந்து செல்லும் சாக்கு மூட்டையின் விலை. அதில் அவருக்குரியது அவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

நெகிரி செம்பிலான் உட்படப் பல மாநிலங்களில் 2015 செப்டம்பர் முதல் வீட்டுக் குப்பையைப் பிரித்துவைப்பது கட்டாயமாக்கப்பட்டது. பிரித்துவைக்கச் சொன்ன அதிகாரிகள், பிரித்துவைத்த பொருளின் மதிப்பு என்ன என்பதைச் சொல்லவில்லை. சில்லறைக் கடையில் விற்கப்படும் பொருளுக்கு விலைச்சீட்டு இருக்க வேண்டும் என்பது சட்டம். மக்களிடமிருந்து பொருளை வாங்கும் கடையில் விலைப் பலகையை எங்கள் வட்டாரத்தில் நான் கண்டதில்லை. சன்னல் சட்டம், பாத்திரம், வார்ப்பு, ரிம், கம்பி, குவளை என்று ஆறு வரிகள் எழுதிய ஒரு கரும்பலகை போதும். காலையில் சுண்ணக்கட்டியால் அன்றைய விலையை எழுதிவிடலாம். நேர்மையான கடைக்காரருக்கு இதனால் இழப்பில்லை. பிரித்துக் கொண்டுவந்தால் கூடுதல் விலை என்று தெரிந்தால் மக்களே பிரித்துக் கொண்டுவருவார்கள்; அவருடைய ஆள் கூலியும் குறையும். உலோக மறுசுழற்சி வணிகத்தில் இருக்கும் நம் இந்தியர்களின் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களிடம் இதை வலியுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டு வாசலுக்கு ஒலிபெருக்கியோடு வரும் பழைய சாமான் லோரிக்காரர் கடையைவிடக் குறைவாகக் கொடுப்பது நியாயமே, அவர் வந்து ஏற்றிச் செல்கிறார். எவ்வளவு குறைவு என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவாவது கடையில் அந்தப் பலகை வேண்டும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை, லண்டன் சந்தையின் அலுமினிய விலையையும் செம்பு விலையையும் கிலோவுக்கு ரிங்கிட் கணக்கில் மாற்றி, இரண்டு அங்குல இடத்தில் வெளியிடுங்கள். அதன் கீழே, இது புதிய உலோகத்தின் விலை, பழையதற்கு வகையைப் பொறுத்துக் குறையும் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். இயன்றால், சிரம்பான், ஈப்போ, சுங்கைப் பட்டாணி, ஜொகூர்பாரு ஆகிய ஊர்களில் இரண்டு மூன்று கடைகளைத் தொலைபேசியில் கேட்டு, சன்னல் சட்டத்துக்கும் குவளைக்கும் அன்று கொடுக்கப்படும் விலையையும் தங்கள் நிருபர்கள் எழுதலாம். பள்ளிப் பொறுப்பாசிரியர்களும் ஆலயச் செயலாளர்களும் அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைப்பார்கள். எங்கள் ஊரில் அதை ஒட்டும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பகாவ், நெகிரி செம்பிலான்.